சாயாமல் நிற்கட்டும் சிறு வீரர்கள்!

மேசையின் மேல் பச்சை விரிப்பு. அதன் மேல் அட்டையாலும் தெர்மோகோலாலும் செய்த குன்றுகள். குன்றின் சரிவில் வாளும் வேலும் ஏந்தி, விரல் நீளத்தில் ஐம்பது அறுபது வீரர்கள். விடுமுறைக்கு இலண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த இந்த விளையாட்டை உங்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். உங்கள் பிள்ளையே அப்படியொரு பெட்டியை வரவழைத்துத் தரும்படி நச்சரித்துக்கொண்டிருக்கவும் கூடும். அந்த மேசையருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். பகைவரால் வீழ்கின்ற வீரர்களைவிடத் தாமாகவே வீழ்கின்ற வீரர்களே அதிகம்! ஒருவன் சட்டைக் கை பட்டுச் சாய்கிறான். அவன் அடுத்தவனைச் சாய்க்கிறான். குன்றின் மேல் நின்ற மூவர் வழுக்கி அடிவாரத்திற்கு வந்துவிடுகிறார்கள். "என் ஆள் இங்கேதான் நின்றான்", "இல்லை, நான்கு விரற்கடை தள்ளி நின்றான்" என்று உடனே வழக்குத் தொடங்கிவிடுகிறது.

வழக்கு வீண் என்று தள்ளிவிட முடியாது. இவ்விளையாட்டில் ஒவ்வொரு நகர்வும் அளவுகோலால் அளக்கப்படுவது. ஆகவே, நின்ற இடம் தவறினால் ஆட்டமே தவறும். அது மட்டுமன்று. ஒவ்வொரு பொம்மைக்கும் மயிரிழைத் தூரிகையால் மணிக்கணக்கில் வண்ணம் தீட்டுகிறார்கள் பிள்ளைகள். தரையில் விழுந்தால் வண்ணம் பெயரும். வாள் நுனி முறியும். எனவே, விழாமல் நிறுத்தும் வழி என்ன என்று அவர்கள் தேடுவது இயல்பே. அவ்வாறு தேடிக் கையாளும் வழிகளுள் இரண்டு, சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்குப் பெருங்கேடு தரக்கூடியவை என்பதாலேயே இக்கட்டுரை பெற்றோரை நோக்கி எழுதப்படுகிறது. (உருவப் பொம்மைகளை வீட்டில் வைப்பது பற்றி அவரவர் தமக்கு நம்பிக்கையான ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நன்று. இங்கே சொல்லப்படுபவை கப்பல், வண்டி, மரம் போன்ற சிற்றுருக்களுக்கும் அப்படியே பொருந்தும்.)

முதலில் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது பார்த்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தரும் பொருட்டு மேசை மேல் ஆடும் முறை ஒன்று உருவாக்கப்பட்டது. அதனை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூல், ஈயப் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளைச் சொல்கிறது. வில் விசையுள்ள சிறு பீரங்கியால் மரத்துண்டை எய்து எதிரியின் வீரர்களைச் சாய்க்க வேண்டும், சாய்ந்தவன் இறந்தவன். ஆக, அவர் காலத்தில் பொம்மை சாய்வதுதான் ஆட்டமே! பின்னர் 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1983இல் இங்கிலாந்தில் 'வார்ஹாமர்' என்று புதிய ஆட்டங்கள் வந்தபோது வெற்றி தோல்வியைத் தாயக்கட்டைகள் முடிவு செய்யலாயின. அன்றிலிருந்து பொம்மையின் வேலை நிமிர்ந்து நிற்பது மட்டுமே. அந்த வேலையைத்தான் அது சரியாகச் செய்வதில்லை.

ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் 'எடை போதவில்லை' என்பார்கள். பாதிதான் உண்மை. பொம்மை இரண்டு விதமாக நிலைகுலைகிறது. ஒன்று வழுக்குதல், மற்றொன்று கவிழ்தல். இரண்டிற்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நோய் அறியாமல் மருந்து கொடுப்பதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது.

எந்த நோய் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 60 செ.மீ. நீளமுள்ள பலகையின் மேல் பொம்மையை நிறுத்துங்கள். பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். பொம்மை நின்ற நிலையிலேயே சறுக்கி வருகிறதா? அல்லது அடிப்பாகம் நகராமல் தலைகுப்புற விழுகிறதா? அந்த நேரத்தில் பலகையின் முனை எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை வழவழப்பானதாயின், பெரும்பாலும் 18, 20 செ.மீ. உயர்வதற்குள்ளேயே பிளாஸ்டிக் பொம்மை சறுக்கத் தொடங்கிவிடும். அதாவது, கவிழ்வதற்கு முன்பே வழுக்கிவிடுகிறது. குன்றின் மேல் நிற்கும் வீரர்கள் கீழே வந்து சேர்வதற்கு இதுவே காரணம்.

வழுக்குவதற்கு எடை மருந்தாகாது. எடையை இரு மடங்காக்கினால் பிடிப்பு இரு மடங்காகிறது என்பது மெய்தான். ஆனால் சரிவில் கீழே இழுக்கும் விசையும் கூடவே இரு மடங்காகிவிடுகிறதே! ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, பொம்மை பழைய சரிவிலேயே வழுக்கும். வேண்டியது உராய்வு, அதாவது அடிப்பரப்பிலும் தரைப்பரப்பிலும் சொரசொரப்பு அல்லது பிடிமானம். கணினியின் 'மவுஸ்' வைக்கும் திண்டு செய்யப்படுகிற மெத்தென்ற ரப்பர் வகையால் ஆன விரிப்புகளை இப்போது ஆட்டக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பொம்மையின் விளிம்பு அதில் சற்றே அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால், பொம்மையின் அடியில் மெல்லிய ரப்பர் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி ஒட்டினாலும் போதும். குன்றின் மேற்பரப்பில் பெவிகால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிடுவது இன்னும் மலிவான வழி. பார்வைக்கும் அது மண் தரை போலவே இருக்கும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். சதுரங்கக் காய்களின் அடியில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருப்பதைக் கண்டு, அது காய் வழுக்காமல் இருப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பலகையில் கீறல் விழாமல் காய் இலகுவாக நழுவிச் செல்லத்தான் அத்துணி. சமதளத்தில் ஆடும் சதுரங்கத்திற்கு அது சரி. குன்றேறும் வீரனுக்கு அதை ஒட்டினால் அவன் இன்னும் வேகமாக இறங்கி வருவான்.

குன்றையே படிக்கட்டுப் போல அடுக்கடுக்காக அமைப்போரும் உண்டு. மலைச்சரிவில் தேயிலைத் தோட்டத்திற்கு வெட்டிய தட்டுகளைப் போல ஒவ்வோர் அடுக்கும் சமதளமாக இருக்கும். நிற்பதில் சிக்கலே இல்லை. ஆனால் இயற்கையான குன்று போல் தோன்றாது. அழகா, உறுதியா என்று கேட்டால், ஆடுவதற்கு அடுக்குக் குன்றே மேல் என்பது எம் கருத்து. அழகிய சரிவுக் குன்றை அலமாரியில் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். எதற்கும் வசப்படாத இடத்திற்கு ஆட்டக்காரர்களே ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். பொம்மை நிற்க மறுக்கும் இடத்தை எதிராளிக்குக் காட்டி, இருவரும் ஒப்புக்கொண்ட பின், அதைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்பது அது. 2017இல் வந்த 'வார்ஹாமர் 40,000' எட்டாம் பதிப்பின் விதிகளிலேயே இதற்கு இடம் தரப்பட்டிருந்தது.

இனி, கவிழ்தல். இதற்கு எடைதான் மருந்து; ஆனால் எடை எங்கே வைக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நீங்கள் எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்துவிடுவது ஏன்? அதன் பாரம் முழுவதும் அடியில் இருக்கிறது. மேற்பகுதி வெறும் கூடு போன்றது. நம் சிறு வீரனின் நிலையோ தலைகீழ். கால்கள் குச்சி போன்றவை. கவசமும் கேடயமும் உயர்த்திய வாளும் மேலே. எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியை ஈர்ப்பு மையம் என்பார்கள். அப்புள்ளி எவ்வளவு தாழ்வாகவும், அடித்தட்டு எவ்வளவு அகலமாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொம்மை உறுதியாக நிற்கும்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காக ஓர் எடுத்துக்காட்டு. அடித்தட்டோடு சேர்த்து 4 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் வீரன். அடித்தட்டின் விட்டம் 25 மி.மீ.; ஈர்ப்பு மையம் 18 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வழுக்காத பரப்புள்ள நம் 60 செ.மீ. பலகையில், முனை ஏறக்குறைய 34 செ.மீ. உயர்ந்ததும் அவன் கவிழ்வான். இப்போது அடித்தட்டின் உட்குழிவில் 4 கிராம் எடையுள்ள இரும்பு வாஷர் ஒன்றை, தரையிலிருந்து 2 மி.மீ. உயரத்தில் இருக்குமாறு ஒட்டுகிறோம். ஈர்ப்பு மையம் 18இலிருந்து 10 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. இனி அவன் கவிழ, பலகை 47 செ.மீ. உயர வேண்டும். வாஷர் இல்லாமல் அடித்தட்டை மட்டும் 32 மி.மீ. அகலமுள்ளதாக மாற்றினால் 40 செ.மீ. கிடைக்கும். 2015 வாக்கில் வார்ஹாமர் நிறுவனத்தார் தம் வீரர்களில் ஒரு வகையினருக்கு 25 மி.மீ. தட்டை விட்டு 32 மி.மீ. தட்டைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆயினும், ஆட்டத்தில் தூரம் தட்டின் விளிம்பிலிருந்தே அளக்கப்படுவதால், எதிராளியைக் கேட்காமல் தட்டை அகலப்படுத்துவது முறையாகாது. வாஷருக்கு அந்த வழக்கு இல்லை; அது கண்ணுக்கே தெரியாமல் அடியில் கிடக்கும்.

இரும்புக் கடையில் 10 மி.மீ. போல்ட்டுக்கு உரிய சாதாரண வாஷர் கேளுங்கள். அதன் வெளிவிட்டம் 20 மி.மீ., கனம் 2 மி.மீ.; எடை மூன்றரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 25 மி.மீ. தட்டின் அடிக்குழிவில் பெரும்பாலும் பொருந்திவிடும். இங்கிலாந்துப் பிள்ளைகள் இதற்கு ஒரு பென்னி நாணயத்தைப் பயன்படுத்துவதுண்டு. 20.3 மி.மீ. விட்டமும் 3.56 கிராம் எடையும் உள்ள அந்நாணயம், 1992 முதல் செம்பு பூசிய எஃகால் அடிக்கப்படுவதால் காந்தத்திலும் ஒட்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வாஷர் தட்டின் விளிம்பைவிடச் சற்றும் வெளியே துருத்தக்கூடாது. துருத்தினால் பொம்மை அதன் மேல் நின்று ஆடும், முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும்.

கொடி பிடித்தவனும், வேலை முன்னே நீட்டிப் பாய்கின்றவனும் தனி இனம். அவர்களின் பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் அப்பக்கமே விழுவார்கள். ஒட்டும்போதே பாதத்தைத் தட்டின் பின்விளிம்பை நோக்கித் தள்ளி ஒட்டிவிட வேண்டும். ஏற்கெனவே ஒட்டிவிட்டால், குழிவில் எம்-சீல் போன்ற பிசினைப் பிசைந்து எதிர்ப்பக்கமாக அடைத்து, அதற்குள் சிறு இரும்புத் துண்டு ஒன்றை அழுத்திவிடுங்கள். பிசைந்த பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அட்டையில் வெட்டி நிறுத்தும் உருவங்களுக்கு இவையெல்லாம் தேவையில்லை. தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நிறுத்தினாலே போதும்.

உலோகப் பொம்மைகளில் கணுக்கால் முறிவது வழக்கம். வெறும் பசையால் ஒட்டினால் மறுபடியும் முறியும். காலிலும் தட்டிலும் 1 மி.மீ. துளையிட்டு, காகிதம் கோக்கும் கிளிப்பின் கம்பித் துண்டைச் செருகி, அதன் மேல் பசையிட வேண்டும். உடனே ஒட்டும் 'சூப்பர் குளூ' வகைப் பசையைப் பஞ்சிலும் பருத்தித் துணியிலும் படவிடாதீர்கள். பருத்தியோடு சேரும்போது அது சூடேறிக் கையைச் சுட்டுவிடக்கூடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும்.

இப்போது முன்னர்க் கூறிய இரு கேடுகளுக்கு வருவோம்.

முதலாவது ஈயம். அடியில் பாரம் வைக்க வேண்டும் என்றவுடன் கரையோர ஊர்களில் உள்ளவர்களுக்கு வலையில் கட்டும் ஈயக்குண்டே நினைவுக்கு வரும். கைக்கெட்டும் பொருள், இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், சுத்தியலால் தட்டினால் எந்த வடிவத்திற்கும் வளையும். வேண்டாம், தாய்மார்களே! ஈயம் கையில் படிந்து, கையிலிருந்து வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. தீங்கு தராத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. பழைய பொம்மைகள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. பொம்மை வீரர்களுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் 'பிரிட்டன்ஸ்' நிறுவனம் 1966இல் ஈய வார்ப்பை நிறுத்தியது. ஆட்டக்காரர்களுக்கான சிறு உலோக உருவங்களிலோ ஈயக் கலப்பு அதன் பின்னும் நீடித்து, 1990களில்தான் பரவலாகக் கைவிடப்பட்டு, வெள்ளீயக் கலவை அதன் இடத்திற்கு வந்தது. ஆகவே, உறவினர் யாராவது அன்போடு கொடுத்த பழைய உலோக வீரர்கள் இருந்தால், அவற்றை வண்ணப் பூச்சுடன் கண்ணாடி அலமாரியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றை அரத்தால் ராவுவதோ உப்புத்தாள் போடுவதோ கூடாது.

இரண்டாவது கேடு காந்தம். இதுவே பெரியது; ஏனெனில் இன்று ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பும் வழி இதுதான். நியோடிமியம் என்னும் உலோகத்தைக் கொண்டு செய்யப்படும் காந்தங்கள் 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்டவை. மிளகளவே உள்ள துண்டு, பழைய குதிரைலாடக் காந்தத்தை நாணச் செய்யும் வலிமை உடையது. அப்படியொன்றைப் பொம்மையின் அடியில் ஒட்டி இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தினால், தகட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் பொம்மை விழாது. பிள்ளைகள் மயங்குவதில் வியப்பென்ன?

ஆனால், தட்டிலிருந்து பசை விட்டுப் பிரிந்த இரண்டு காந்தங்களைத் தவழும் குழந்தை ஒன்று விழுங்கிவிட்டால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் குடலுக்குள் சென்ற அவை, குடலின் இரு வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்துக் கவ்விக்கொள்கின்றன. இடையில் அகப்பட்ட குடற்சுவர் நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, ஓட்டை விழுகிறது. ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் சேர்ந்தாலும் இதே விளைவுதான். தொடக்கத்தில் வயிற்றுவலி, வாந்தி போன்ற சாதாரணக் குறிகளே தென்படலாம். எதுவுமே தென்படாமலும் இருக்கலாம். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், பொழுதுபோக்குக்காக விற்கப்படும் உதிரிக் காந்தங்களுக்கு 2014இல் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2016இல் நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. குழந்தைகள் விழுங்கும் நிகழ்வுகள் ஓயாததால் 2022இல் ஆணையம் புதிய விதி கொண்டுவர நேர்ந்தது.

நம் வீடுகளில் குழந்தை காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வெளியேறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். காந்தத்தில் இவ்வழக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உணவு எதுவும் கொடுக்காமல், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாமல், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். 'காந்தம்' என்ற சொல்லை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஒன்றா, இரண்டா என்று தெரியாவிட்டால் இரண்டு என்றே கொள்ள வேண்டும். கதிர்ப்படத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு காந்தங்கள் ஒன்றே போலத் தோன்றவும் கூடும்.

அப்படியானால் காந்தத்தின் பயனை அடியோடு விட்டுவிட வேண்டுமா? தேவையில்லை. இடத்தை மாற்றிவிடுங்கள். பொம்மைக்கு அடியில் காந்தம், கீழே இரும்பு என்பதற்குப் பதிலாக, பொம்மைக்கு அடியில் இரும்பு, கீழே காந்தம். இரும்பு ஏற்கெனவே இருக்கிறதே! கவிழாமல் இருக்க ஒட்டிய அதே வாஷர்தான். கீழே விரிப்பதற்கு, குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டும் விளம்பரப் படங்களில் உள்ளது போன்ற வளையும் காந்தத் தாள் பெரிய அளவில் விற்கிறது. அதன் பிடிப்பு மென்மையானது. குழந்தை விழுங்கத்தக்க உதிரித் துண்டு எதுவும் வீட்டில் இராது. வெட்டிய ஓரத் துண்டுகளை மட்டும் அன்றே அப்புறப்படுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக் வீரர்களுக்கு இப்பிடிப்புத் தாராளம். கனத்த உலோகப் பொம்மைகளுக்குப் போதாது. அவற்றை எடுத்துச் செல்லும்போது ஸ்பாஞ்சில் குழி வெட்டிப் பதித்து வைப்பதே நல்லது.

வீட்டில் கைக்குழந்தை இல்லாத, வளர்ந்த பிள்ளைகள் மட்டுமே உள்ள குடும்பத்தார் நியோடிமியத்தையே பயன்படுத்த விரும்பினால், வாங்கிய காந்தங்களையும் ஒட்டியவற்றையும் எண்ணிக் குறித்து வையுங்கள். குழிவில் வைத்த காந்தத்தின் மேல் பிசினை முழுமையாக மூடி அடையுங்கள். விருந்தினர் குழந்தையோடு வரும் நாளில் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக, பெட்டி. எவர்சில்வர்த் தட்டு, டப்பாக்களில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். ஆனால் பிஸ்கட் வரும் தகர டப்பாவில் நன்றாக ஒட்டும். அதன் அடித்தளத்தில் காந்தத் தாளை விரித்தால் அதுவும் தகரத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே வாஷர் கொண்ட வீரர்களையும் பிடித்துக்கொள்ளும். நடுத்தர டப்பா ஒன்றில் இருபது வீரர்கள் வாள் முறியாமல் பேருந்தில் பயணம் செய்யலாம். மூடியை அழுத்துமுன், உயர்த்திய கொடி இடிக்கிறதா என்று மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.